திறந்துகொண்ட பூட்டு

ஐப்பசி 12, புதன்

மாலை மொரப்பூரில் ரயில் இறங்கி வந்தால், வேப்பமரத்தடியில் பூட்டி வைத்த சைக்கிளைக் காணோம். மகளுக்குப் பள்ளியில் கொடுத்த நீலச் சைக்கிள். அதே மாதிரி இன்னொன்று பக்கத்தில் நின்றது. அதிலும் நான் சந்தையில் வாங்கிய அதே பூட்டு. என் சாவியைப் போட்டேன், திறந்துகொண்டது. என்னுடையதையும் இப்படித்தான் எடுத்திருப்பார்கள். ஏறி ஓட்டி வந்துவிட்டேன்.

மகள் உடனே கண்டுபிடித்தாள்.

"இது நம்முளுது இல்லம்மா. நம்ம சைக்கிளுக்கு ஏது பெல்லு?"

"பேசாம சோறு தின்னு."

அவள் தின்னவில்லை.

யாரோ ஒருத்தி இன்று வீடு வரைக்கும் நடந்திருப்பாள். காலையில் மரத்தடியிலேயே விட்டுவிடலாம். விட்டால் நாளையிலிருந்து நான் நடக்க வேண்டும். விடமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது. அந்தப் பூட்டை நம்பாமல் சைக்கிளை அடுப்பங்கரைக்குள் ஏற்றி வைத்திருக்கிறேன், யாரும் திருடிவிடக் கூடாதென்று.