கீர்த்தனைப் புத்தகத்தில் பதினொரு வாக்கியங்கள்

அன்புள்ள சிஜி அக்காவுக்கு,

வாசற்படியில் குக்கர் விசில் கிடந்ததைத்தான் நான் முதலில் பார்த்தேன், ஆனால் அதை எழுதக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டிய கடிதம். அவளுக்கு வலது கை ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது, அதனால்தான் எழுத்து என்னுடையது. அம்மா சொன்னது இவ்வளவு: கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் இருக்கிறோம், நீயும் சார்ஜாவில் சுகமாயிருக்க இரண்டு வேளையும் ஜெபிக்கிறேன், தலை குளித்துவிட்டு ஏசியில் போய் நிற்காதே, பக்கத்து வீட்டு மாடம்மாளின் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது, மழையில் அடுக்களை ஓடு ஒழுகுகிறது, சனிக்கிழமை நான் பைப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன், வேறொன்றும் இல்லை, நீ பயப்படாதே. இதையும் இந்தக் கடிதத்தின் கடைசி வரியையும் சொன்னவுடன் ஊசி மருந்தின் மயக்கத்தில் தூங்கிவிட்டாள். மீதியை நானே எழுதுகிறேன்.

அக்கா, அம்மா வழுக்கி விழவில்லை. நீ தினமும் டியூட்டிக்குப் போகும் முன் அம்மாவின் போனுக்கு ஒரு இங்கிலீஷ் வாக்கியம் பேசி அனுப்புவாயே, அதை நான் கீர்த்தனைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாள்களில் எழுதி வைத்திருந்தேன். அப்பா பைபிளைத்தான் தினமும் எடுப்பார், பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம், அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டார் என்று நினைத்தேன். அந்தி ஜெபத்தில் எல்லாரும் வசனம் ஒப்பிக்கும்போது நான் மனதுக்குள் உன் வாக்கியத்தையும் ஒருமுறை ஒப்பித்துக்கொள்வேன். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு நடத்தும் முறை அப்பாவுக்கு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் சாலைக் கடைத்தெருவிலிருந்து, தான் வேலை பார்க்கும் இரும்புக் கடையிலிருந்து, சாப்பிட வந்தவர் பாட்டு எண் பார்க்கப் புத்தகத்தை விரித்திருக்கிறார்.

நான் துணிக்கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது படியில் விசில் கிடந்தது. எடுத்தேன், சூடாக இருந்தது. உள்ளே அம்மா அடுப்புக்குக் கீழே கிடந்தாள், சோறும் கஞ்சியும் சுவர் முழுக்க. அப்பா கையில் குக்கர் மூடி. தலையில் விழ வேண்டிய அடியைக் கையால் தடுத்திருக்கிறாள், முழங்கைக்குக் கீழே எலும்பு வேறு பக்கம் திரும்பி நின்றது. கன்னம் கிழிந்து ரத்தம் காது வரை ஓடியிருந்தது. ஒருத்தி இப்படித்தான் படிச்சு ஓடினா, அடுத்தவளையும் அனுப்பவாட்டீ பாக்குதே என்று கேட்டுக்கொண்டே அவள் விலாவில் மிதித்தார். அம்மாவின் போனை முன்னமே அம்மிக்கல்லில் வைத்து உடைத்திருந்தார்.

பிறகு என் சடையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்திப் புத்தகத்தை முகத்துக்கு நேரே நீட்டினார். வாசிட்டீ என்றார். நான் வாசிக்க வேண்டும், பொருள் சொல்ல வேண்டும், சொன்னவுடன் ஒரு அடி. ‘கீப் யுவர் சின் அப்’, தைரியத்தை விடாதே என்றேன். தைரியமாட்டீ, எங்க காட்டு பாப்பம் என்று சிரித்தபடி அறைந்தார், உதடு பல்லில் குத்தியது. ‘டேக் யுவர் டைம்’, அவசரம் வேண்டாம் என்றேன். எனக்கும் அவசரமில்ல என்றார், தலையைச் சுவரில் இடித்தார். ‘ஐ ஹேவ் யுவர் பேக்’, உனக்குத் துணையாக நான் இருக்கிறேன் என்றேன். எங்க உனக்க அக்கா, கூப்பிடு வரட்டும் என்றார். பதினொரு வாக்கியம், அக்கா. கடைசியில் அந்தத் தாள்களைக் கிழித்துக் கசக்கி என் வாயில் திணித்து, தின்னுட்டீ, வயித்துக்குள்ள இங்கிலீஷ் முளைக்கட்டு என்றார். மாடம்மாள் சத்தம் போட்டுக் கதவை உடைக்கும் அளவுக்குத் தட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். வழுக்கி விழுந்தா, கேட்டியா, வேற வார்த்த வந்துதுன்னா நாக்கு இருக்காது என்று வழியெல்லாம் சொன்னார். நர்சம்மா மலையாளத்தில் கேட்டபோது அம்மா அதையே சொன்னாள். டாக்டர் வடக்கே எங்கேயோ உள்ள சின்ன வயதுப் பெண், மலையாளம் தட்டித் தடவித்தான் வருகிறது. என் கன்னத்தில் விரல் பதிந்திருந்ததைப் பார்த்து, உனக்கு என்ன ஆயிற்று என்று இங்கிலீஷில் கேட்டார். அப்பா எனக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் நின்றார்.

உனக்குத் தெரியுமே, கடையில் யாராவது விலை கேட்டால்கூட நான் துணிக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன், வாயில்லாப் பிள்ளை என்றுதான் முதலாளியே கூப்பிடுவார். ஆனால் அப்பாவுக்குப் புரியாத ஒரு பேச்சு என்னிடம் இருக்கிறது என்று அப்போதுதான் தோன்றியது. ஃபாதர், போலீஸ் இரண்டும் அவருக்குத் தெரியும், அவை இல்லாமல் சொல்ல வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். ஷி டிட் நாட் ஃபால். த மேன் பிஹைண்ட் மீ டிட் இட். ப்ளீஸ் கீப் அன் ஐ ஆன் ஹிம். டோன்ட் சென்ட் அஸ் ஹோம். அவள் விழவில்லை, எனக்குப் பின்னால் நிற்கிற ஆள்தான் செய்தார், அவர்மேல் ஒரு கண் வையுங்கள், எங்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

என்னட்டீ அவகிட்ட என்று அப்பா கேட்டார். அம்மா கடைசியா எப்ப சாப்பிட்டான்னு கேட்டாங்கப்பா என்றேன். டாக்டர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. எக்ஸ்ரே சீட்டுப் பதிந்து வரச் சொல்லி நர்சம்மா மூலம் அப்பாவை வெளியே அனுப்பினார். அங்கே செக்யூரிட்டி இரண்டு பேர் மறித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. குளுக்கோஸ் கம்பியைப் பிடுங்கி ஒருவர் தோளில் அடித்தார், இன்னொருவர் கையைக் கடித்தார், ரத்தம் வந்தது. தரையில் அமுக்கிப் பிடித்தபோதும், எனக்க பிள்ள பேசமாட்டா, அந்தச் சிஜிதான் உள்ள இருந்து பேசுகா என்று கத்தினார். அந்தக் கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது அவர் போலீசில் இருக்கிறார். நேற்று முழுக்க அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியபோது, பெத்த அப்பன காட்டிக் குடுத்தியே பாவி, நாளைக்கு உன்ன எவன் கெட்டுவான் என்றாள். சபை மூப்பர் வன்னியராஜ் மாமா வந்து, வீட்டு விஷயம் வீட்டோட தீரணும் மக்கா, உனக்க அம்மா தங்கபாய் விழுந்தேன்னு எழுதிக் குடுத்தா அந்தியில அவன் வீட்டுக்கு வந்திருவான் என்றார். அம்மா தலையாட்டினாள். அந்தியில் அவர் வந்தால் எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி மிஞ்சமாட்டாள், அக்கா. பெண் இன்ஸ்பெக்டர் இன்று வாக்குமூலம் எழுத வருகிறார். டாக்டரிடம் சொன்னதுபோல அவரிடம் ஒளித்துச் சொல்ல முடியாது. கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாருக்கும் புரிகிற பேச்சில் சொல்ல வேண்டும். என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அம்மாவின் நம்பருக்கு இனி ஒன்றும் அனுப்பாதே, உடைந்த போனின் சிம் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. இந்தக் கடிதம் லீவு முடிந்து சார்ஜாவுக்குத் திரும்பும் ராகேல் அக்கா கையில் வருகிறது, பதிலும் அவர்களிடமே சொல். உன் தலையில் அம்மா இடது கையை வைத்து ஜெபித்ததாக நினைத்துக்கொள், தூங்கும் முன் அதைத்தான் கடைசியாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
அம்மா தங்கபாய்க்காக,
உன் தங்கை ரெனி

பி.கு. கடிதத்தை மடித்தபின் இன்ஸ்பெக்டர் வந்தார். அம்மா எழுந்து, பைப்படியில் வழுக்கி விழுந்தேன் என்றாள். வன்னியராஜ் மாமா, ஆமா மேடம் என்றார். இன்ஸ்பெக்டர் எழுதவில்லை, பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு, நீ கண்டோ மோளே, நீ பார்த்தாயா மகளே என்று என்னிடம் கேட்டார். அம்மா என்னையே பார்த்தாள். நான் எழுந்து நின்று, அம்மா விழல்ல, எங்க அப்பா சத்தியதாஸ் குக்கர் மூடியால அடிச்சாரு என்று தமிழில் சொன்னேன்.