தகேமுராவின் வலது முழங்கை

நவ. 9, ஞாயிறு

காலையிலேயே மணல்காற்று. பயிற்சி ரத்து. ஐஸ் மெஷின் மறுபடி ரிப்பேர். இந்த டீமுக்குப் பிசியோவாக வந்ததிலிருந்து அதோடுதான் பாதிப் போராட்டம்.

புது ஆள் வந்தார். தகேமுரா, ஜப்பான்காரர். பேஸ்பாலில் பிட்சர், நம் பவுலர் மாதிரி. வயது நாற்பதை நெருங்கும். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அங்கே பெரிய டீம் கொத்திக்கொண்டு போனதாம். சில வருஷம் ஊரெல்லாம் அவர் பேச்சு. பிறகு முழங்கையில் ஆபரேஷன், மறுபடி ஆபரேஷன். டீம் கைவிட்டது. தைவான், மெக்சிகோ, இப்போது துபாய். இதற்கு மேல் போக ஊர் இல்லை என்று சிரித்தார்.

வலது கை முழுதாக நீளவில்லை. சுண்டுவிரலில் ஊசியால் தொட்டாலும் உணர்வில்லை. ஸ்கேனுக்கு அனுப்பியாயிற்று.

வீட்டுக்காரர் செல்வினுக்கு ருவைஸ் ரிஃபைனரியில் இந்த வாரமும் டூட்டி. வரமாட்டார்.

நவ. 11, செவ்வாய்

ஸ்கேன் வந்தது. ஜவ்வு மறுபடி கிழிந்திருக்கிறது. நரம்பும் நசுங்கி. இனி எறியவே கூடாது என்றார் டாக்டர்.

தகேமுராவிடம் சொன்னேன். அதிர்ச்சியே இல்லை. வெள்ளிக்கிழமை மேட்ச் முடியும்வரை கோச்சிடம் சொல்லாதே என்றார். ஊரில் மகள் டி.வி.யில் பார்ப்பாளாம். அப்பா ஜெயித்து அவள் பார்த்ததே இல்லை. இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார்.

செல்வினுக்கு போன். "நீ கோச்சுக்கு எழுதிக் குடுத்துரு. பொறவு கை போச்சுன்னா ஒன் லைசென்ஸுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"அந்த மனுசன் மொகத்தப் பாத்தா நீங்களும் இப்படிச் சொல்ல மாட்டிய."

அங்கே ஷிப்ட் மாறும் சைரன் சத்தம். கட் ஆகிவிட்டது.

வாஷிங் மெஷினில் போட்ட துணி அப்படியே கிடக்கிறது.

நவ. 12, புதன்

முதலில் தகேமுராவிடம், சொல்லத்தான் போகிறேன் என்றேன். கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கோச் ரிப்போர்ட்டைப் புரட்டக்கூட இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும்போதே தெரியுமாம். ஜப்பான் டி.வி.க்கு ஒரு ஜப்பான் முகம் வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கொஞ்சம் எறியட்டும், அதோடு கலாஸ், முடிந்தது என்றார். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். ஆட்டக்காரரே சம்மதித்தால் உனக்கென்ன என்றார்.

தகேமுரா சம்மதித்துவிட்டார்.

தலைவலி. சாப்பிடவில்லை.

நவ. 14, வெள்ளி

புழுக்கம். லேபர் கேம்ப்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள். இலவச டிக்கெட், பிரியாணி பொட்டலம். என் பின்னால் ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் இருவர்.

"என்னண்ணே, கைய மடக்கியில்ல எறியிறான். நோ-பால் இல்லையா?"

"இந்த ஆட்டமே அப்படித்தாண்டா."

தகேமுராவின் முதல் பந்து. பிடிப்பவரின் கையுறையில் பட்டென்று ஒரு சத்தம். மட்டை வீசியவர் திகைத்து நின்றார். டாக்டரே தப்போ என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். அடுத்தது மெதுவாக. அதற்கடுத்தது இன்னும் மெதுவாக. அப்புறம் ஒரு பந்து பாதி தூரத்திலேயே விழுந்து உருண்டது.

ஓடினேன். கையை வயிற்றோடு அணைத்து, கேமராவுக்கு முதுகு காட்டி நின்றார். முகம் வெளுத்து வியர்வை. என்னிடம் சாரி என்றார். என்னிடம் எதற்கு? தொப்பியைக் கழற்றி மைதானத்தைப் பார்த்துக் குனிந்தார். யாரோ விசிலடித்தார்கள்.

திரும்பி வரும்போது பின்னாலிருந்து: "பாவம்டா. வயசான ஆளு."

நவ. 15, சனி

நல்ல வெயில். கேட்டில் அவர் படம் இருந்த பேனரைக் கழற்றிவிட்டார்கள். புதிதாக ஒரு பையன் சிரிக்கிறான்.

தகேமுரா கிளினிக்குக்கு வந்தார். டீமிலிருந்து எடுத்தாகிவிட்டது. மகள் கூப்பிட்டாளா என்று கேட்டேன். கூப்பிட்டாள், எடுக்கவில்லை என்றார். அடுத்த சீசன் எறியலாமா என்றார். முடியாது என்றேன். அதற்கடுத்தது? அதுவும் முடியாது.

வலது விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் சட்டைப் பித்தான் போடக் கற்றுக்கொடு என்றார். காட்டினேன். ஒன்று போட்டார். இரண்டாவதை நழுவவிட்டு நழுவவிட்டுப் போட்டார். மூன்றாவதில் கையை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மீதியை நான் போட்டுவிட்டேன்.