மேல்வீட்டுக்குப் பிரதமர் எழுதுவது

இன்று காலை நகரசபை ஆட்கள் வந்து எங்கள் வாசல் மரத்தைத் தறித்துவிட்டார்கள். பச்சை வண்டு அரித்த ஆஷ் மரம். போன வருசமே தண்டில் அடையாளம் போட்டுவிட்டுப் போனதை நீரும் பார்த்தீர். செம்மஞ்சள் சட்டைக்காரர் இரண்டு பேரும் ஒரு வாள் மெசினும் வந்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் மரம் இல்லை. கதவைத் திறந்தேன். ஈர மரத்தூளின் மணம் முகத்தில் அடித்தது. அந்த மணத்தோடு என் வாய் தன்பாட்டில் மேலே பார்த்துச் சொல்லப் போனது: "பிள்ளை, கிழவர் வந்திட்டார். வந்து பாரும்."

நீர் இருந்த மேல்வீட்டில் இப்போது ஒரு இளம் கியூபெக் சோடி இருக்கிறது. படியில் கண்டால் "போன்ஜூர்" சொல்லுகிற நல்ல பிள்ளைகள். அவர்களுக்கு எந்தக் கிழவரைத் தெரியும்? கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன். மேசையில் நவம்பர் கவர் கிடக்கிறது. இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுக்கிற அந்தக் கவர். வருகிற ஞாயிறு பீடத்தில் வைப்பார்கள். அதைப் பற்றித்தான் உமக்கு எழுத வேண்டும். ஆனால் கிழவரில் தொடங்காமல் அங்கே போய்ச்சேர முடியாது.

கிழவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது நீர்தான். பெண்கள் வாசிப்பு வட்டத்தில் அவரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டுவிட்டு, நூலகத்துப் புத்தகங்களை மரக்கறி வாங்குகிற தள்ளுவண்டிலில் போட்டு, பனி உறைந்த வளைவுப் படியில் இழுத்துக்கொண்டு வந்தீர். நான் கீழே நின்று தள்ளினேன்.

"ஆரப்பா இந்த ஆள், இவ்வளவு பாரம்?"

"விக்டோரியா ராணியின்ரை பிரதமர் அக்கா. பொழுதுபோக்கு, கோடாலி எடுத்து மரம் தறிக்கிறது. மிச்ச நேரம் பெண்டுகள் எழுதின நாவல் வாசிக்கிறது."

"அப்ப நாட்டை ஆர் பாத்தது?"

"அதுக்குத்தான் மந்திரிமார் கிடக்கினமே."

நீர் கார்டரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில், வேலை முடித்து வருகிற பின்னேரங்களில் என் குசினியில் இருந்து கிழவரின் கதையைச் சொல்லுவீர். நான் மீன் வெட்டுவேன், கீரை ஆய்வேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது குறைவு. இங்கிலீசும் பிரெஞ்சும் கடை விளம்பரத் தாள்களில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டவை. நீர் சொல்லித்தான் அந்த உலகம் எனக்குத் தெரியும். அந்தக் காலத்துப் பெண்கள் சிலர் ஆண் பெயரில் ஒளிந்து நின்று எழுதினார்கள் என்றீர். கிழவர் அவர்களுடைய புத்தகங்களை வாசித்து, கடிதம் எழுதி, சில நேரம் எழுதினவரின் வீட்டு வாசலுக்கே போய்விடுவார் என்றீர். அன்றன்றைக்கு வாசித்ததை எல்லாம் அன்றன்றைக்கே குறித்து வைப்பார், தினம் கோயிலுக்குப் போவார் என்று நீர் சொன்ன அன்றே நான் கிழவரின் பக்கம் சேர்ந்துவிட்டேன். பால், பாண் வாங்கினதை இரவு படுக்கமுன் எழுதி வைக்காவிட்டால் நித்திரை வராத எனக்கு, அப்படி ஒரு பிரதமர் இருந்தது பெரிய ஆறுதல்.

"நல்லாய்ச் சேருங்கோ," என்றீர். "உங்கடை ஆளுக்குப் பெண்டுகளின்ரை புத்தகம் வேணும். பெண்டுகளுக்கு வோட் மட்டும் வேண்டாமாம்."

"அந்த எழுத்துக்காரிகள் சும்மாவே விட்டவை?"

நீர் கொஞ்சம் யோசித்துச் சிரித்தீர். "அதுதான் அக்கா பகிடி. அவர் தேடிப்போய்ச் சண்டை பிடிச்ச எழுத்துக்காரியும் வோட் வேண்டாமெண்டுதான் சொன்னவ."

அந்தச் சண்டையில்தான் எங்கள் கதையும் தொடங்கியது. அந்த அம்மா ஒரு நாவல் எழுதியிருந்தார். ஒரு பாதிரியார் மெல்ல மெல்ல விசுவாசம் இழந்துபோகிற கதை. கிழவருக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த அம்மா தாயைப் பறிகொடுத்திருந்த நாட்களில் போய்ச் சந்தித்து, கடவுளைப் பற்றி நேரம் போனது தெரியாமல் வாதாடினாராம். பிறகு அந்த நாவலை மறுத்து நீளமாக ஒரு கட்டுரையும் எழுதினார். பிரதமராக இருந்தவர் இவ்வளவு கோபப்படுகிற புத்தகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று ஊரெல்லாம் அதை வாங்கி வாசித்தது.

"தடுக்கப் போய் வித்துக் குடுத்திட்டார் மனுசன்," என்றீர். என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "கிழவரை மேசையாலை எழுப்பிப்போட்டுச் சோத்தைப் போடும்," என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவர் கை கழுவப் போன நேரத்தில், சிரிப்பு அடங்கமுன், நீர் சொன்னீர்:

"எனக்கும் அப்பிடித்தான் அக்கா. நான் இப்ப கனகாலம் செபிக்கிறேல்லை."

நான் கத்தியை வைத்தேன். என்ன நடந்தது என்று கேட்டேன். ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். போர், உம்மை விட்டுப்போன மனிசன், யாரோ ஒரு சுவாமியாரின் கடுஞ்சொல், ஏதோ ஒன்று. காரணம் இருந்தால் அதைப் பிடித்து உம்மை இழுக்கலாமே.

"ஒண்டும் நடக்கேல்லை," என்றீர். "ஒரு நாள் செபிக்க வாயைத் திறந்தன். அங்காலை ஒருத்தரும் இல்லை. அவ்வளவுதான்."

அந்த மாரி முழுக்க நான் கிழவர், நீர் அந்த அம்மா. படியில் காலடி கேட்டாலே, "என்ன பிரதமர், பூசைக்குப் போட்டு வந்திட்டீங்களோ?" என்பீர். "வாரும், உம்மடை பாதிரியைக் கூட்டிக்கொண்டு வாரும்," என்பேன். நான் மாதாவைக் கொண்டுவந்தால் நீர் பசியில் செத்த குழந்தைகளைக் கொண்டுவருவீர். என் கேள்விகளை நீர் ஒருநாளும் சிறுமைப்படுத்தவில்லை. சில நாள் நீர் பதில் இல்லாமல் மேலே போனீர். அந்த நாட்களில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். வெல்லப்போகிறேன் என்று உண்மையாகவே நம்பினேன், பிள்ளை. எனக்கு அது விளையாட்டு இல்லை. மோட்சத்தில் உம்மைக் காணுவேனா இல்லையா என்பதுதான் எனக்கு அதில் கிடந்தது.

வசந்தத்தில் நூலக அறையில் பேசினீர். வெளியே மழை. கதிரைகள் பாதி வெறுமை. கிழவர் முதுமையில் தன் புத்தகங்களைத் தள்ளுவண்டிலில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டுபோய் நூலகம் அமைத்தார் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினீர். முடிவில், "அப்ப ஆர் வெண்டது, கிழவரோ அந்த அம்மாவோ?" என்று ஒருவர் கேட்டார். "அதைப் பிரதமரிட்டைக் கேளுங்கோ," என்று என் பக்கம் கையைக் காட்டினீர். எல்லாரும் திரும்பினார்கள். "இன்னும் முடியேல்லை," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முடியாமல் இருக்கும் என்றுதான் நினைத்தேன், நாட்கள் எங்களிடம் நிறையக் கிடந்தன என்று.

வருத்தம் கோடையில் வந்தது. ஈரல் என்றார்கள். பிந்திவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுவந்த கஞ்சியை ஒரு கரண்டிக்கு மேல் உம்மால் குடிக்க முடியவில்லை. சுவாமியைக் கூட்டிவந்து அவஸ்தை, அந்தக் கடைசி எண்ணெய், பூசுவிக்கட்டோ என்று கேட்டேன். நீர் கோபிக்கவில்லை. கையை நீட்டி என் கையைப் பிடித்தீர்.

"வேண்டாம் அக்கா. பேந்து பூசை, கவர் எண்டு என்ரை பேரைக் குடுக்கவும் வேண்டாம். நான் இல்லையெண்டு சொன்ன இடத்திலை என்னைக் கொண்டுபோய் இருத்தாதேங்கோ."

கஞ்சிக் கோப்பையை மூடி வைத்தேன்.

"நான் செத்தாப் பிறகு நீங்கள் தனிய வாதாடினால் நீங்கள்தானே வெல்லுவியள்," என்றீர். "அது கள்ள ஆட்டம், பிரதமர்."

"ஓம்," என்றேன். உம்முடைய கை அப்படி மெலிந்து கிடந்தது. வேறு என்ன சொல்ல?

புரோசார்ட்டிலிருந்து வந்த உம்முடைய மகள் செத்தவீட்டில் எல்லாவற்றையும் நீர் சொன்னபடியே செய்தாள். பூ இருந்தது, நீர் சிரிக்கிற படம் இருந்தது, பிரெஞ்சில் ஒரு சின்னப் பேச்சு இருந்தது. ஒரு சிலுவை அடையாளம் இல்லை. பொறுக்க முடியாமல் அவளிடம், "பிள்ளை, ஒரு சின்னச் செபம்?" என்றேன். "அன்ரி, அம்மா வேணாம் எண்டு சொன்னவ எல்லோ," என்றாள். அவள் சொன்னது சரி. கோட்டுப் பைக்குள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மணியைக்கூட நகர்த்தவில்லை. பெட்டிக்கு முன்னால் திரை மூடியது. என் வாழ்நாளில் செபம் இல்லாமல் நான் வழியனுப்பிய ஒரே ஆள் நீர்.

கவரில் உம்முடைய பெயரை எழுதலாமோ என்று சுவாமியிடம் கேட்டேன். நல்ல மனுசன், பொறுமையாகக் கேட்டார். "எழுதாவிட்டாலும் ஆண்டவருக்கு அவவின்ரை பேர் தெரியும் அம்மா," என்றார். வேறு ஆருக்கும் அவர் அப்படிச் சொல்லக் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். வீட்டுக்கு வருகிற பஸ்சில் இருந்து யோசித்தேன். எழுதாமலே தெரியும் என்றால் மற்றப் பெயர்களை நாங்கள் ஏன் எழுதுகிறோம்? எழுதுவதால் ஏதும் ஆகும் என்றால் உமக்கு அது இல்லாமல் போகிறதே. எந்தப் பக்கம் கூட்டிப் பார்த்தாலும் எனக்குச் சரிவரவில்லை. மோட்சம் போகமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்து நிற்கிற ஆத்துமாக்களுக்காகச் சின்ன வயதிலிருந்து செபிக்கிறவள் நான். அந்த இடத்தில் நீர் தனியே நிற்பதாக நினைத்தால், உமக்காகச் செபிக்க ஒருவரும் இல்லை. நீர் சொன்னபடி அப்படி ஓர் இடமே இல்லை என்று நினைத்தால், அப்போது நீர் எங்கேயும் இல்லை. இரண்டில் எது எனக்குத் தாங்கும் என்று தெரியவில்லை.

இன்று பின்னேரம், வெளியே அடிமரத்தைச் சுற்றித் தூள் நனைந்து கிடக்க, பெயர்களை எழுதினேன். எப்போதும்போல இறந்த ஒழுங்கில். ஐயா, அம்மா, சின்னம்மா, மன்னாரில் செத்த அண்ணை. பிறகு நீர் வரவேண்டிய இடம். அதற்குப் பிறகு, ஒக்டோபரில் போன இவருடைய மச்சாள். உம்முடைய இடத்தில் ஒரு வரியை வெறுமையாக விட்டேன். பார்த்துக்கொண்டிருக்க, அதுவும் கள்ள ஆட்டம் என்று பட்டது. வேறு தாள் எடுத்து, இடைவெளி இல்லாமல் எழுதி, கவரை ஒட்டினேன். நீர் கேட்டபடி நீர் அதில் இல்லை.

ஆனால் பின்னேரச் செபத்தில் இதே பெயர்களைச் சொல்லும்போது குரல் நிற்கிறது, பிள்ளை. அதை நான் நிறுத்தவில்லை. அண்ணையின் பெயருக்குப் பிறகு, உம்முடைய பெயர் சொல்லி முடிகிற நேரத்துக்கு, அது தானாக நிற்கிறது. நான் மறந்துபோனேன் என்று நினைத்து இவர் முதலில் எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். இப்போது அவரும் முழங்காலில் காத்திருக்கிறார்.

முந்தி நான் எங்கே நிறுத்தினாலும் ஆண்டவர் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். அடுத்த அறையில் ஆள் இருப்பது தெரிகிற மாதிரி. இப்போது உம்முடைய இடத்தில் நின்று காது கொடுக்கிறேன். அங்காலை ஒரு சத்தமும் இல்லை. செபிக்க வாயைத் திறந்த அன்று நீர் கேட்டது இதைத்தானோ என்று உம்மிடம்தான் கேட்கவேண்டும். ஒவ்வொரு பின்னேரமும் அந்த இடைவெளிக்குள் நிற்கிறேன். பிறகு மச்சாளின் பெயரைச் சொல்லுகிறேன்.