மருமகள் அனுப்பிய புழுக்கொடியல்

இஞ்சருங்கோ,

காலையில் குசினிக்குள் போனதும் அந்த மணம் வந்தது. பயறு ஊறிய தண்ணீரின் மணத்தோடு கொஞ்சம் பால் மணமும் கலந்தது. சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படிகிற ஆடையை எடுத்துக் குச்சியாகக் காயவைக்கிறார்களே, அதை மருமகள் நேற்றே எவர்சில்வர் சட்டியில் ஊறப்போட்டிருந்தாள். மிதக்காமல் இருக்க மேலே ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்திருந்தாள். பச்சைத் தண்ணீர்தான் ஊற்றியிருந்தாள். இந்த வீட்டில் அதற்குச் சுடுதண்ணீர் ஊற்றிய ஒரே ஆள் நீங்கள்தான்.

இன்று உங்கள் ஆட்டைத் திவசம். ஒரு வருஷம் போய்விட்டது.

நான் கடிதம் எழுதுகிற ஆளில்லை. எதையும் நேரே சொல்லித்தான் பழக்கம், அதுவும் சத்தமாக. "நீர் நாலாம் மாடியில கதைச்சால் காலி வீதியில பஸ் நிக்கும்" என்று கேலி பண்ணுவீர்கள். இப்போது எவ்வளவு சத்தம் போட்டாலும் உங்களிடமிருந்து பதில் வராது. அதனால் எழுதுகிறேன்.

மகன் மெல்பேர்ணில் ஒரு பினாங்குச் சீனப் பிள்ளையைப் பதிவுக் கலியாணம் செய்துவிட்டுப் பிறகு எங்களுக்குச் சொன்னபோது நான் ஆடிய ஆட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. "அவளோட நான் ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்" என்று சுவாமியறை வாசலில் நின்று சொன்னேன். சொன்னபடியே இரண்டு வருஷம் இருந்தேன். வீடியோவில் அவர்கள் வந்தால் பல்கனிக்குப் போய் உடுப்பு மடிப்பேன். காயாத உடுப்பையும் மடித்திருக்கிறேன். அவனும் என் வயிற்றில் பிறந்தவன்தானே, ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. "அம்மா அவளோட கதைக்கும் வரைக்கும் நான் கொழும்புக்கு வரமாட்டன்" என்றுவிட்டான். நீங்கள் மட்டும் "பொறுப்பம், பொறுப்பம்" என்றீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் புதுக்கடைக் கோர்ட்டில் கிளாக்காக இருந்தவருக்கு வழக்கு இழுபடுவது புதினமில்லை. எனக்கோ, பெற்ற பிள்ளையை இனிக் கண்ணால் காணமாட்டேனோ என்று பயம். அதை உங்களுக்குக்கூட நான் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் பார்சல் வந்தது. மெல்பேர்ணிலிருந்து வந்த ஒரு பெண் கொண்டுவந்தாள். தன் பெட்டியில் இடம் போதவில்லை என்று வெளி மட்டையை எறிந்துவிட்டு, எழுத்தே இல்லாத வெறும் பொலித்தீன் பையோடு தந்துவிட்டுப் போனாள். உள்ளே வெளிர்மஞ்சளாய், வளைந்து, முறுகி, கையால் தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிற குச்சிகள். யார் பார்த்தாலும் ஒரே பெயர்தான் சொல்வார்கள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, எங்கள் புழுக்கொடியல்.

"பாத்தீரோ!" என்றீர்கள். "அந்தப் பிள்ளை எங்களுக்காக எங்கயோ தேடிப் புழுக்கொடியல் வாங்கி அனுப்பியிருக்கு."

"அங்க எங்க பனை நிக்குது?" என்றேன்.

"தமிழ்க் கடை இல்லையோ? அதைத்தான் சொல்லுறன், தேடி வாங்கியிருக்கு."

தேங்காயைச் சின்னத் துண்டுகளாக, சொட்டுச் சொட்டாக வெட்டி, பிளேன் ரீயும் வைத்துக்கொண்டு, சாய்கதிரையில் இருந்து ஒரு மணித்தியாலம் கடித்தீர்கள். எனக்கும் ஒன்றை நீட்டினீர்கள். அவள் அனுப்பியதை நான் வாயில் வைப்பேனா? முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "எப்பிடி?" என்று மட்டும் கேட்டேன். "மெல்ல மெல்லத்தான் ருசி வருது" என்றீர்கள்.

அதோடு விட்டீர்களா? பின்பக்க லேனில் இருக்கிற என் அக்காவுக்கும் நாலு குச்சி கொண்டுபோய்க் கொடுத்து, "மருமகள் அனுப்பின புழுக்கொடியல்" என்று அந்த லேன் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டு வந்தீர்கள். பல்லுக் கட்டிய அக்கா அதை இடித்து, சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்ல மா" என்று போன் பண்ணினார். எனக்குள் ஏதோ இளகியது. புழுக்கொடியல் தேடி அனுப்புகிற பிள்ளை அவ்வளவு மோசமாகவா இருக்கும் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவர்கள் வந்தபோது நான் பல்கனிக்குப் போகவில்லை. ஹோல் கதவடியில் நின்றேன். முதன்முதலாக அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான்.

நீங்கள் ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, புழுக்கொடியல் அருமை என்றீர்கள். மகன் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்பா, அது புழுக்கொடியல் இல்ல. சோயா ஆடை. ஊறவைச்சுச் சமைக்கவேணும். அம்மா வெள்ளிக்கிழமையில மரக்கறி எண்டு நான் சொன்னதில, அம்மாவுக்கெண்டு இவ அனுப்பினவ."

"ஏன், எங்களுக்கு வெள்ளவத்தைச் சந்தையில வெண்டிக்காய் இல்லையாமோ?" என்று கத்திவிட்டுப் பல்கனிக்குப் போய்விட்டேன். அக்காவோ அங்கே தலையில் அடித்துக்கொண்டார். "எங்களைப் பேய்க்காட்டிப்போட்டாளடி!" உங்களுக்கு மட்டும் கோபமே வரவில்லை. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தது நீங்கள்தான். "கடிச்சது கடிச்சாச்சு. இனிச் சமைச்சுக் காட்டுறன்" என்றீர்கள்.

அதுவரை அடுப்பை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாத மனிசன். முதல் வெள்ளி கொதிதண்ணீரை ஊற்றினீர்கள். வெளியே கஞ்சியாகக் கரைந்தது, உள்ளே குச்சி அப்படியே நின்றது. என் நல்ல தாச்சியையும் அடிப்பிடிக்க வைத்தீர்கள். கோர்ட்டில் பழகிய கை சும்மா இருக்குமா? கோர்ட் பைல் மாதிரியே ஒரு மஞ்சள் கோவை திறந்து எழுதினீர்கள்: "எதிரி: சோயா ஆடை. குற்றம்: வெளியே கரைந்தும் உள்ளே வேகாதும் நின்றமை. விளக்கம் அடுத்த வெள்ளிக்கு ஒத்திவைக்கப்படுகிறது." அந்தக் கோவை இப்போது என் தலையணைப் பக்கம் இருக்கிறது.

பிறகு அவளையே வீடியோவில் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினீர்கள். பச்சைத் தண்ணீரில் அரை நாள் ஊறவேண்டும். நடுவில் நுள்ளிப் பார்த்து வெள்ளைக் கட்டி இல்லாவிட்டால்தான் வெட்டவேண்டும். இஞ்சியை வாட்டி, காய்ந்த காளானும் கரட்டும் போட்டு, சோயா சோஸும் காளான் ஊறிய தண்ணீரும் விட்டு, மூடி, சின்ன நெருப்பில் வற்றவிடவேண்டும். நான் உடுப்பு மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். குச்சி முடிய, பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போய்ச் சீனச் சாமான் விற்கிற கடையில் வாங்கி வந்தீர்கள். அங்கே விரித்த தாளாகவும் சோயா ஆடை கிடைத்தது. அதற்குள் முட்டைக்கோவாவும் லீக்ஸும் வைத்துச் சுருட்டி, அவித்து, பொரித்து, "ரோல்ஸ்" என்று கீழ்வீட்டுக்கெல்லாம் கொடுத்தீர்கள். இறக்கும்போது தேசிக்காய்ப் புளியும், பொரித்த செத்தல் மிளகாயும் போடுவது உங்கள் சொந்தத் தீர்ப்பு. அவள் சொல்லித் தந்ததில்லை.

மகனுக்கு ஒருநாள் சொன்னீர்கள்: "கதைக்கிறதும் கதைக்காததும் கொம்மாவின்ர பாடு. நீங்கள் சாப்பிட வாங்கோ. நான் சமைக்கிறன்."

"அப்பா சமைக்கிறதைப் பாக்கவெண்டாலும் வாறம்" என்றான். வந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையை எப்படி மறப்பேன்? சாரத்தை மடித்துக் கட்டி, நெற்றியில் திருநீறோடு சட்டியைத் தூக்கிவந்து மேசை நடுவில் வைத்தீர்கள். அந்தப் பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. மிளகாய் உறைத்துவிட்டது என்று பதறினீர்கள். அவள் மகனிடம் ஏதோ சொன்னாள்.

"அவவின்ர அப்பா இப்பிடித்தான் சமைக்கிறவராம். நிலவில்லாத நாளிலயும் முழுநிலவிலயும் அவையள் வீட்டில மச்சமாமிசம் இல்ல. அப்பா செத்தாப் பிறகு, அவருக்காக இவ விடாமல் பிடிக்கிறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அமாவாசையிலயோ?"

"ஓமம்மா."

தகப்பனில்லாத பிள்ளை தகப்பனுக்காக அமாவாசை பிடிக்கிறாள். எந்த ஊரானால் என்ன, எந்தப் பாஷையானால் என்ன? இரண்டு வருஷமாக நான் யாரோடு கோபித்துக்கொண்டிருந்தேன்? எழும்பிப் போய், அகப்பையை உங்கள் கையிலிருந்து பறித்து, "பிள்ளை, இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றேன். அவளுக்குத் தமிழ் விளங்கவில்லை. கோப்பையை நீட்டினாள்.

அன்று நானும் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டேன். "எப்பிடி இருக்கு?" என்று பல்லெல்லாம் தெரியக் கேட்டீர்கள். "உப்புக் காணாது" என்றேன். என் வாய் அப்படி. நல்லது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? மாரடைப்பு வந்த நாள் வரை சொல்லவேயில்லை.

ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், அது வேறு. சந்தையில், கோயிலில், சலூனில்கூட. "எங்கட அவர் சமைச்சுத்தான் மகனைக் கூப்பிட்டவர்" என்று. அவ்வளவு பெருமை எனக்கு. உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. உங்களுக்காக இப்போது மகன் மாதாமாதம் அமாவாசை பிடிக்கிறான். அவனுக்கு நாள் பார்த்துச் சொல்வது அவள்தான்.

இன்று விடிய முந்தியே, நான் சொல்லாமலே தலை முழுகிவிட்டுக் குசினிக்குள் வந்தாள். நான் உங்கள் கோவையைப் பார்த்து அந்தக் கறியைச் சமைத்தேன், அவள் இஞ்சி வாட்டித் தந்தாள். தேசிக்காய்ப் புளியை மறக்கவில்லை. மகன் ஐயரோடு இருந்து கிரியைகளை முடித்தான். வாழையிலையில் எல்லாம் வைத்தாயிற்று என்று நினைக்க, அவள் ஒரு சின்னப் பீங்கானோடு வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். ஊறவைக்காத இரண்டு குச்சி, பக்கத்தில் தேங்காய்ச் சொட்டு. நான் தலையாட்டினேன். உங்கள் இலையில் வைத்தாள்.

அக்கா விடுவாரா? "உதென்ன கோதாரி? பச்சையா உதைப் போய்ப் படையலுக்கு வைக்கிறதோ?"

"புழுக்கொடியல், அக்கா" என்றேன். "என்ர மருமகள் கொண்டுவந்தது."

நாலாம் மாடிச் சத்தத்தில்தான் சொன்னேன். ஐயரும் திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் முடிந்த பிறகு அதில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய், உங்கள் சாய்கதிரையில் இருந்து கடித்தேன். முதன்முதலாக. இஞ்சருங்கோ, அதில் புழுக்கொடியலின் வாசமும் இல்லை, ருசியும் இல்லை. கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது, பிறகு பல்லில் பசையாக ஒட்டுகிறது. சின்ன வயதிலிருந்து புழுக்கொடியல் கடித்து வளர்ந்த மனிசனுக்கு முதல் கடியிலேயே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் ஒரு மணித்தியாலம் சப்பினீர்கள். தெரிந்துகொண்டுதான் அக்காவிடமும் கொண்டுபோனீர்கள். நான் கதவடி வரைக்குமாவது வரட்டும் என்று. கோர்ட்டில் அத்தனை பொய்ச்சாட்சிகளைக் கண்ட மனிசன், எனக்காக நீங்களும் ஒன்று சொன்னீர்கள்.

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கதிரையில் இருந்தபடியே இரண்டையும் விட்டேன்.

அக்கா பல்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். "எப்பிடியடி, வாயில வைக்கலாமோ?"

மீதிக் குச்சியைத் தேங்காய்ச் சொட்டோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"மெல்ல மெல்லத்தான் ருசி வருது, அக்கா."