ஒரே கைநாட்டில் நாற்பது டீ

மார்ச் 3, செவ்வாய்
ஆபீசில் நான் போடும் நாலு மணி டீ இன்றும் ஐந்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் மமதா மேடம் வழக்கமான கன்னட மரியாதையோடு கூப்பிட்டார். “எத்திராஜ் அவ்ரே, வெள்ளிக்கிழமை நாலே காலுக்குள்ள நாற்பது டீயும் வரலேன்னா டீ மெஷின் வாங்கிடுவோம்.” மெஷின் வந்தால் நான்? தொம்மலூர் வீட்டில் மருமகளோடு உட்கார்ந்து சீரியல் பார்க்க வேண்டியதுதான். ஐயோ.

எனக்கு எழுதத் தெரியாது. பேசினால் இந்தப் போன் எழுதும் என்று காட்டித்தந்தவளும் அவள்தான். இதைப் போன் அவளிடம் படித்துக் காட்டாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 4
தாமதம் என்னால் இல்லை. பால், சர்க்கரை, இஞ்சி எல்லாம் ஸ்டோர் ரூமில். நான் உள்ளே போகக் கூடாது. ஸ்டோர் கீப்பர் முகேஷ்தான் ஜன்னல் வழியாக எடுத்துத் தருவான். மணி அடி, கார்டைக் காட்டு, ரெஜிஸ்டரில் கைநாட்டு வை. ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கும் அதே சடங்கு, ஒரு மூட்டைக்கும் அதே சடங்கு. ஆளுக்கு ஒரு ருசி என்பதால் ஒவ்வொரு டீக்கும் ஒரு தடவை போவேன். ஆபீசில் ஐந்து பேர் இருந்த காலத்துப் பழக்கம்.

மார்ச் 5
மேடம் எனக்கு உதவிக்கு மூன்று ஆட்களைத் தந்தார். கார்டு மட்டும் ஒன்றே ஒன்று. கார்டை வைத்திருப்பவன் ஜன்னலில் நிற்க, முகேஷ் மனைவியோடு போனில் வெண்டைக்காய் பற்றிப் பேச, மிச்ச மூன்று பேரும் சும்மா நின்றோம்.

ஆபீசில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் ஜூடித் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். “அங்கிள், என் புரோகிராம் கதையும் இதேதான்! அது தானா டிஸ்கைத் தொட முடியாது, கம்ப்யூட்டருக்குள்ள காவலுக்கு இருக்குற கர்னல் கிட்டத்தான் கேக்கணும். கேக்குறது துளியூண்டா இருந்தாலும் போய் வர்ற செலவு ஒண்ணுதான். வேகமா ஓடட்டும்னு உள்ளுக்குள்ள வேலையாள் மாதிரி த்ரெட் நிறைய போட்டேன். கர்னல் கண்ணுக்கு அத்தனையும் ஒரே ஆள். ஒண்ணு மாட்டுனா எல்லாம் நிக்குது.”

“கர்னலுக்கும் பொண்டாட்டி போன் பண்ணுவாளா?”

“போங்க அங்கிள்!”

“அப்புறம் என்னம்மா பண்ணே?”

“கேக்க வேண்டியதை எல்லாம் சேத்து வச்சு ஒரே தடவை கேட்டேன். பறக்குது.”

சேர்த்து வைக்க அவளுக்கு மெமரி வேண்டுமாம். எனக்கு மண்டை இருக்கிறதே.

மார்ச் 6, வெள்ளி
மூன்று பேரையும் கப் கழுவ அனுப்பினேன். நாற்பது பேர் ருசியும் தலைக்குள் இருக்கிறது. ஜன்னலில் நின்று மொத்தக் கணக்கையும் மூச்சுவிடாமல் சொன்னேன். ஒரே கைநாட்டு.

“மறுபடி எப்ப வருவீங்க?” என்றான் முகேஷ்.

“வரமாட்டேன்.”

பாவம், முகம் வாடிவிட்டது.

நாலு பன்னிரண்டுக்கு எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. எண்ணினால் முப்பத்தொன்பது. யாரடா விட்டுப்போனது? முகேஷ்! ஓடினேன். மணி அடித்தேன். “கைநாட்டு வைங்க” என்றான்.

“டேய், உனக்குத்தான்டா டீ!”

“உள்ளே வர்ற பொருளுக்கும் ரூல் உண்டு.”

வைத்தேன். நாலு பதினாலு.

மார்ச் 9, திங்கள்
ஜெயித்தும் மெஷின் வந்து நிற்கிறது. ஆர்டரை முன்னாலேயே கொடுத்துவிட்டார்களாம். ஒரு கப்புக்கு ஒவ்வொருவரும் விரல் வைத்து, போனைக் காட்டி, பட்டனை அமுக்க வேண்டும். நாலு மணிக்கு வரிசை லிஃப்ட் வரை போனது. பால் பவுடர் தீர்ந்தது. சாவி முகேஷிடம். முகேஷ் போனில்.

வரிசையின் கடைசியில் மமதா மேடம். “எத்திராஜ் அவ்ரே... கெட்டில் இருக்கா?”

மார்ச் 10
மெஷின் மேல் டிரே வைக்க வசதியாக இருக்கிறது.