நண்டுத்திட்டு யாருக்கும் இல்லை

மச்சான்,

வெயிலில் காய்கிற பிளெக்ஸ் துணிக்கு ஒரு நாற்றம் உண்டு. மண்ணெண்ணெயில் பழைய ரப்பர் செருப்பை ஊறப்போட்ட மாதிரி. வேலை விஷயமாகக் கடலூர் வந்தவன், நேற்று மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே ஒரு தள்ளுவண்டிக் கடையில் அந்த நாற்றத்துக்குக் கீழே நின்று இட்லி தின்றுகொண்டிருந்தேன். பழைய பேனர் ஒன்றை வண்டிக்கு நிழலாகக் கட்டியிருந்தார்கள். சட்னி கேட்க நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். தலைக்கு மேலே, தலைகீழாக, உன் மேப் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பக்கம் முழுக்க மீசை முறுக்கிய தலைகள், நடுவில் ஒரு வாள். வலது பக்கம் கத்திரிப்பூ நிறத்தில் நம் கடற்கரை. எங்கே தொங்கினாலும் அது உன் கை என்று பார்த்ததும் தெரிந்துவிடும். ஒவ்வொரு முகத்துவாரத்திலும் கோட்டை உள்ளே வளைத்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி வெளியே எடுப்பாய். வேறு எவனும் அவ்வளவு பொறுமையாக வரைய மாட்டான். கொள்ளிடம் கடலில் சேர்கிற இடத்துக்குச் சற்று வடக்கே உள்ளங்கை அகலத்தில் அந்தத் திட்டும் இருந்தது. நீ வெள்ளையாக விட்ட திட்டு. அதற்குள்ளேயும் கத்திரிப்பூவை ஊற்றி வைத்திருக்கிறார்கள். இட்லித் தட்டை வண்டி ஓரத்தில் வைத்துவிட்டு அண்ணாந்து நின்றேன்.

நீ அந்த மேப்பை வரைந்தது ஒரு கம்ப்யூட்டர் கேமுக்காக. அந்த கேமை முதன்முதலில் நீ பார்த்தது எங்கள் வீட்டில்தான். சிதம்பரம் தெற்கு வீதியில், முன்னறையில், என் அப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில். காலேஜ் இரண்டாம் வருஷம். ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு சில நூறு வருஷம் ஆள வேண்டும். வரி போடலாம், படை அனுப்பலாம், பக்கத்து ராஜா வீட்டில் சம்பந்தம் பேசலாம். நான் ஆளுகிற மயக்கத்தில் இருந்தேன். நீ மேப்பை மட்டும் பார்த்தாய். மவுஸை என் கையிலிருந்து பிடுங்கி நம் கரைக்குக் கொண்டுபோனாய்.

"எங்க ஊரு எங்கடா? ஆத்தையே காணம்" என்றாய்.

ஆறும் இல்லை, கழியும் இல்லை. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரி ஒரே நேர்க்கோடு. ஐரோப்பாவில் மட்டும் ஒவ்வொரு ஓடைக்கும் வளைவு நெளிவு. "அவன் ஊட்டு சாக்கடைக்கெல்லாம் பேரு வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு, திரையைப் பார்த்து "த்தூ" என்றாய். எச்சில் வராத துப்பல் அது. வாத்தியார் அறுத்தாலும் அதேதான், மெஸ்ஸில் சாம்பார் ஊசினாலும் அதேதான். ஆனாலும் நான் சட்டை நுனியால் திரையைத் துடைத்தேன்.

அந்த வாரமே நாம் புது மேப் வரைய ஆரம்பித்தோம். ஆடுகிறவன் கண்ணுக்குத் தெரிகிற மேப்புக்குப் பின்னால் இன்னொரு படம் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நீதான். அதில் ஒவ்வொரு ஊர்ப்பகுதிக்கும் ஒரு நிறம். ஒன்றின் நிறம் இன்னொன்றுக்கு வரக்கூடாது. கம்ப்யூட்டருக்கு ஊர் பேரெல்லாம் தெரியாது, நிறம்தான் தெரியும். எல்லையில் இரண்டு நிறம் துளி கலந்தாலும் கேம் விழுந்துவிடும். நான் ஒரு தடவை படத்தைச் சின்னதாக்கிச் சேமிக்கிறேன் பேர்வழி என்று ஓரங்களை எல்லாம் குழப்பி வைத்தேன். இல்லாத ஊர்கள் ஆயிரக்கணக்கில் முளைத்துவிட்டன. நீ ஒரு வாரம் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகச் சுத்தம் செய்தாய். அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசியது அந்த "த்தூ" மட்டும்தான்.

வெளியே தெரிகிற மேப்பில் சோழருக்கு என்ன நிறம் கொடுப்பது என்று வந்தபோது நல்ல நிறம் எல்லாம் மற்ற ராஜாக்களுக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "எந்தங்கச்சி பாவாட கலரு ஒண்ணு இருக்குது, அதப் போடு" என்றாய். அப்படித்தான் ஒரு பேரரசுக்குக் கத்திரிப்பூ நிறம் வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

அப்புறம் அந்தத் திட்டு. பாலைவனம், பனிமலை மாதிரி இடங்களுக்கு அந்த கேமில் தனி ஏற்பாடு உண்டு. அங்கே எந்தப் படையும் நுழைய முடியாது, எந்த ராஜாவும் ஆள முடியாது, மேப்பில் வெள்ளையாகக் கிடக்கும். நீ பிச்சாவரம் பக்கத்தில் சின்னதாக ஒரு திட்டு போட்டு, நண்டுத்திட்டு என்று பேர் வைத்து, அதை அந்தக் கணக்கில் சேர்த்தாய். உலகத்தில் மூன்று இடத்துக்கு மனுஷன் போக முடியாது, சஹாரா, இமயமலை, நண்டுத்திட்டு என்று நான் உன்னை ஓட்டினேன். நீ சிரிக்கவில்லை.

"கோடு போட்டவன் எவனும் அங்க கால் வெச்சவன் இல்ல மச்சான். இந்த ஒரு எடத்தயாச்சும் எவனும் புடிக்காம இருக்கட்டும்" என்றாய்.

எதைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். காலேஜ் முதல் வருஷம் டிசம்பரில் சுனாமி அலை வந்து உங்கள் குப்பத்து வீடுகளைக் கொண்டுபோனது. ஆட்கள் தப்பியதே பெரிசு. அதன் பிறகு மேப்போடும் டேப்போடும் சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். ஜீப்பின் முன்பக்கத்தில் மேப்பை விரித்து ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இனி வீடு கிடையாது என்றார்கள். இருந்த வீட்டின் இடம் எது என்று காட்ட உன் அப்பா அந்தக் கோட்டைத் தாண்டி நடந்தபோது, ஒருவன் விசில் ஊதிக் கூப்பிட்டானாம். அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படிக் கோணும் என்பது இன்னும் கண்ணில் இருக்கிறது.

மேப்பை இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டோம். எங்கெங்கோ இருந்து ஆட்கள் எடுத்து ஆடினார்கள். கடற்கரையைப் பாராட்டி ஒருவன் எழுதினால், கத்திரிப்பூ நிறம் பாண்டியன் எல்லைக்குள் ஏன் இன்னும் தூரம் போகவில்லை என்று பத்துப் பேர் அம்மா அக்காவை இழுத்துத் திட்டினார்கள். எல்லாம் நம் ஆட்கள்தான். எல்லோருக்கும் சேர்த்து இன்னொரு குறை, பேரரசில் ஏன் ஓட்டை இருக்கிறது? அதை அடை, அதை எங்களுக்குக் கொடு. நீ ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. அந்த வசவுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அடுத்தவன் எச்சில் இலையில் கை வைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

பிறகு உனக்குக் காமாலை வந்தது. நாட்டு மருந்து, பெரியாஸ்பத்திரி, மறுபடி நாட்டு மருந்து என்று அலைந்து, ஒரு மாசத்துக்குள் போய்விட்டாய். பஸ் ஸ்டாண்டு சுவரில் உன் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட்டோவை இழுத்துப் பெரிசாக்கிக் கட்டம் கட்டமாக உடைத்திருந்தார்கள். உனக்கு அது பிடித்திருக்காது.

நீ போன மறுவருஷம் எவனோ ஒருவன் உன் மேப்பில் அந்தத் திட்டுக்கு நிறம் அடித்து, தவறு திருத்தப்பட்டது என்று எழுதி ஏற்றினான். அதற்கு அத்தனை கைத்தட்டல். அந்த மேப்தான் சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது.

போன வருஷம் இதே மைதானத்தில் ஒரு சாதிப் பேரவை மாநாடு நடத்தியது. பேரை எழுதிக் காகிதத்தைக் கெடுக்க விரும்பவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் வழியெல்லாம் உன் மேப். அதைப் பார்த்துத்தான் நானும் போனேன். ஆடுமாடு மாதிரி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த கூட்டத்தின் கழுத்தில் எல்லாம் கத்திரிப்பூ நிறத் துண்டு. சோழர் ரத்தத்தில் ஊறிய நிறம் இது என்று மேடையில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். உன் தங்கச்சியின் பாவாடையை நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. நண்டுத்திட்டு என்பது சோழர் கப்பற்படை புறப்பட்ட ரகசியத் துறைமுகம் என்றும், அதை ஆண்டவர்கள் தங்கள் முன்னோர் என்றும், மற்ற சாதிக்காரர்கள் வரலாற்றிலிருந்து அதை மறைத்துவிட்டார்கள் என்றும் அவர் சொன்னபோது நான் மேடைப் படிப் பக்கம் போய் நின்றேன்.

இறங்கி வந்தவரை மறித்து, அது என் நண்பன் ஒரு கேமுக்காக வரைந்தது, அப்படி ஒரு துறைமுகம் கிடையாது என்றேன். அவர் கோபப்படவில்லை. பாவம் என்பது போலப் பார்த்தார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. நம்ம வரலாற நாமளே பொய்யின்னு சொன்னா அப்பறம் எவன் மதிப்பான்?" என்றார். சொல்லிவிட்டு, போட்டோ எடுக்கிறவனைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு கத்திரிப்பூத் துண்டைப் போர்த்தினார். அது இப்போது என் வண்டி துடைக்க ஆகிறது. துடைத்த பிறகும் கை கழுவுகிறேன்.

மறுவாரம் பிச்சாவரம் போய் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் இப்போது டூரிஸ்ட் படகுக்குத்தான் துடுப்புப் போடுகிறார். என்னை உட்காரவைத்து அலையாத்திக் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார். துண்டு போட்டவர்கள் ஒரு படகு நிறைய வந்தார்களாம், நண்டுத்திட்டுக்கு விடு என்றார்களாம்.

"நா பொறந்ததே இங்க. எனக்கே தெரியலயேன்னேன். தெரியாது, அத மறச்சி வெச்சிருக்காங்கன்னாங்க. அப்பறம் ஏதோ ஒரு சேத்துல கொடி நட்டு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அது எங்க தம்பி இருக்குது?"

பெற்ற மகன் வைத்த பேரை, அந்த மகனின் அப்பனையே துடுப்புப் போட வைத்துத் தேடியிருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டார். படகு தானாகக் கொஞ்சம் போய் வேர்களில் முட்டி நின்றது.

"பேரு தெரியாது. ஆனா சின்னதுல தங்கச்சியக் கூட்டிக்கிட்டு நண்டு புடிக்க ஒரு மேட்டுக்குப் போவான். தண்ணி எறங்குற வத்தத்துல மட்டும் தெரியும். அலைக்கு அப்பறம் அது இல்ல" என்றார்.

என்னிடம் நீ இதைச் சொல்லவே இல்லை, மச்சான். விளையாட்டுக்கு வைத்தாய் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உன் அப்பா தண்ணீரில் துப்பாமல் கரைப் பக்கம் திரும்பி, "த்தூ" என்றார். நீயே படகில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

நேற்று இட்லிக் கடையில் கடல் காற்று ஓங்கி அடித்தது. பேனரின் வலது மூலை, நண்டுத்திட்டு இருந்த மூலை, கயிற்றோடு பிய்ந்து என் முகத்தில் அடித்தது. கடைக்கார அக்கா வெங்காயம் நறுக்குகிற கத்தியை நீட்டினார்.

"ஒசரமா இருக்கீங்க, அந்த ஓரத்துல ஒரு ஓட்ட போட்டு இழுத்துக் கட்டுங்க தம்பி."

கயிறு நுழைய விரல் அளவு போதும். நான் நண்டுத்திட்டை முழுசாக, கரையோடு கரையாக, ஒரு பிசிறு இல்லாமல் வெட்டி எடுத்தேன். நீ பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டாய். பக்கத்தில் சின்னதாக இன்னொரு ஓட்டை போட்டுக் கயிற்றைக் கட்டினேன். அக்கா அண்ணாந்து பார்த்து, இவ்வளவு பெரிசாகவா வெட்டுவார்கள் என்று திட்டினார். பிறகு, "சரி வுடுங்க, பொகையாச்சும் போவும்" என்றார்.

வெட்டி எடுத்த அந்த பிளெக்ஸ் துண்டு இப்போது என் பர்ஸில் இருக்கிறது. பர்ஸ் முழுக்க அந்த நாற்றம். பிளெக்ஸுக்குப் பின்பக்கம் ஒன்றும் அச்சடிக்க மாட்டார்கள், நீ விட்ட மாதிரியே வெறும் வெள்ளை. அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். என் பேரைக்கூட அதில் எழுதவில்லை, மச்சான்.