தோற்ற மறுநாள்

மாத்தளை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

ஓகஸ்ட் பயிற்சிப் போட்டியில் உன் கணவரின் அமெரிக்கக் கால்பந்து அணி தோற்ற மறுநாள், வீடியோ அழைப்பில் பார்த்தேன், உன் உதடு கிழிந்திருந்தது. கதவில் மோதினேன் என்றாய். ஒக்டோபர் தோல்விக்குப் பிறகு மணிக்கட்டு முறிந்தது. படி வழுக்கியது என்றாய். பந்தோடு ஓடுபவனை அவர் தூக்கித் தரையில் அறைவதை டிவியில் பார்த்தேன். அன்றிலிருந்து, அவர் வெல்லவேண்டும் என்று ஒவ்வொரு போட்டிக்கும் அம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். "மருமகனுக்கு இந்தக் கிழமையும் மெட்ச்சா, டீச்சரம்மா? கப் நமக்குத்தாங்க" என்று பூசாரி சிரிக்கிறார். அவர் அணி இந்த ஞாயிறு நடக்கும் இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது.

உன் அப்பா இருந்தவரை நான் நீண்ட கை ரவிக்கையோடுதான் வகுப்புக்குப் போனேன். கன்வென்டில் படித்தவள், ஊர் பேச இடம் கொடுக்கவில்லை.

இனித் தேங்காய் உடைக்க மாட்டேன். ஞாயிறு அவர் மைதானத்தில் இருக்கும்போதே விமானம் ஏறு. அவர் வென்றாலும் வந்துவிடு. தபால் பிந்தும் என்று இதைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன், படித்ததும் அழித்துவிடு.

உன் அம்மா